ரத்தம் போகாத இடம்

திண்டுக்கல் ஊரிலும் அதைச் சுற்றிய சமவெளியிலும் பல் வலி வந்தவர் பெரும்பாலும் முதலில் போய் நிற்பது மெடிக்கல் கடை முன்னால்தான். நாகல் நகரோ பேகம்பூரோ, சற்றுத் தள்ளி வேடசந்தூரோ நிலக்கோட்டையோ, வழக்கம் ஒன்றுதான். “அண்ணே, பல் வலிக்கு ஏதாச்சும் குடுங்க” என்று கேட்டால் போதும். கடைக்காரர் மூன்று அட்டைகளை எடுத்து, கத்தரிக்கோலால் வேண்டிய அளவு நறுக்கி, சின்னக் காகித உறையில் போட்டு, காலை ஒன்று ராத்திரி ஒன்று என்று சொல்லித் தருவார். ஒன்று வலி மாத்திரை, ஒன்று வயிறு எரியாமல் இருக்க, மூன்றாவது ஆன்டிபயாடிக். அந்த மூன்றாவது அட்டையின் முதுகில் நீளவாக்கில் ஒரு சிவப்புக் கோடு ஓடும். மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது என்பதற்கான அடையாளம் அது. 2016இல் மத்திய அரசு அதை மக்களுக்கு விளக்க ஒரு பிரச்சாரமே நடத்தியது. அட்டையை நறுக்கும்போது மருந்தின் பெயர் பாதியோடு போய்விடும், காலாவதித் தேதி கடையிலேயே தங்கிவிடும். சிவப்புக் கோட்டின் ஒரு துண்டு மட்டும் வாங்கியவரோடு வீட்டுக்கு வரும்.

சொத்தைப் பல்லில் கிருமி சேர்ந்து வரும் வலிக்கும் வீக்கத்துக்கும், பெரும்பாலான நேரங்களில், அந்த மூன்றாவது மாத்திரை சிகிச்சையே ஆகாது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் வாதம். பல்லைத் திறக்க வேண்டும், சீழை வெளியேற்ற வேண்டும், வேரைச் சுத்தம் செய்து அடைக்க வேண்டும், காப்பாற்ற முடியாத பல்லானால் பிடுங்க வேண்டும். இந்தக் கைவேலைதான் சிகிச்சை. ஆன்டிபயாடிக் அதற்குத் துணை வரலாம், சில நேரம் உயிரையே காக்கலாம். ஆனால் கைவேலையை விட்டுவிட்டு மாத்திரையை மட்டும் விழுங்கினால் தொற்று தீர்வதில்லை, தள்ளித்தான் போகிறது. ஏன் என்று புரிய, பல்லின் உள்ளமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

வெளியே தெரியும் வெள்ளை எனாமல் நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். அதற்கு உள்ளே டென்டின். அதற்கும் உள்ளே, பல்லின் நடுவில் ஓர் அறையிலும் அதிலிருந்து வேர் நுனி வரை இறங்கும் மெல்லிய குழாய்களிலும், பற்கூழ் என்ற மென்மையான சதை இருக்கிறது. நரம்பும் ரத்த நாளமும் அந்தச் சதையில்தான் ஓடுகின்றன. வேர் நுனியில் உள்ள ஒரு மில்லிமீட்டரும் இல்லாத துளை வழியாகத்தான் ரத்தம் உள்ளே போகிறது, அதே வழியாகத்தான் வெளியேறுகிறது. நாம் சாப்பிடும் சர்க்கரையை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற பாக்டீரியாக்கள் அமிலமாக்குகின்றன. அந்த அமிலம் எனாமலைக் கரைக்கிறது, டென்டினைத் துளைக்கிறது, ஒரு நாள் கிருமிகள் பற்கூழை எட்டுகின்றன. கிருமி எட்டிய எந்தச் சதையும் வீங்கும். கையில் முள் குத்தினால் தோல் விரிந்து கொடுக்கும். பல்லுக்குள் விரிய இடமில்லை. சுற்றிலும் கடினமான சுவர் நிற்க, வீக்கத்தின் அழுத்தம் நரம்பின்மேல் இறங்குகிறது. படுத்தால் கூடி, சுடு டீ பட்டால் உயிர் போகிற அந்த வலிக்குக் காரணம் இதுதான். அழுத்தமும் அழற்சியும் தொடர்ந்தால் நாளங்களில் ரத்த ஓட்டம் நின்று பற்கூழ் செத்துப்போகிறது.

இந்தச் சாவுக்குக் கிருமிதான் காரணமா, சொத்தையின் ஓட்டை மட்டுமே போதுமா என்ற கேள்விக்கு 1965இல் அமெரிக்காவில் ககேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற மூவர் அழகான விடை கண்டார்கள். எலிகளின் கடைவாய்ப் பல்லைத் துளைத்துப் பற்கூழ் வெளியே தெரியும்படி விட்டார்கள். உணவுத் துகள் எல்லாம் அதில் அடைந்தது. சாதாரண எலிகளில் பற்கூழ் சில நாட்களிலேயே அழுகி, வேர் நுனியில் சீழ் கட்டியது. பிறந்ததிலிருந்தே கிருமியில்லாத சூழலில் வளர்த்த எலிகளில் அதே துளை, அதே உணவு. ஆனால் அங்கே பற்கூழ் சாகவில்லை. சில வாரங்களில் புது டென்டின் வளர்ந்து அந்தத் துளையை மூடத் தொடங்கியது. பல் தொற்றுக்கான எல்லாச் சிகிச்சைக்கும் இந்தப் பரிசோதனைதான் அடித்தளம் என்பேன். கிருமியை அகற்றினால் உடம்பு மீதியைப் பார்த்துக்கொள்ளும். அப்படியானால் கிருமியைக் கொல்லும் மாத்திரையைக் கொடுத்தால் போதாதா என்று கேட்கத் தோன்றும்.

போதாது. விழுங்கிய மாத்திரை குடலில் உறிஞ்சப்பட்டு ரத்தத்தில் கலந்துதான் எங்கும் போக முடியும். பற்கூழ் செத்த பல்லுக்குள் ரத்த ஓட்டமே இல்லை. மடை அடைபட்ட வயலுக்கு ஆற்றில் எவ்வளவு தண்ணீர் திறந்துவிட்டாலும் பயிர் காய்வதுபோல, 500 மில்லிகிராமுக்குப் பதில் 1000 மில்லிகிராம் கொடுத்தாலும் அந்த வேர்க்குழாய்க்குள் மருந்து போகாது. கிருமிகளோ அங்கே செத்த சதையைத் தின்றுகொண்டு பத்திரமாக இருக்கின்றன. அவை தனித்தனியாக மிதப்பதும் இல்லை. குழாய்ச் சுவரில் ஒட்டி, தம்மைச் சுற்றிப் பசை போன்ற படலம் கட்டிக்கொண்டு கூட்டமாக வாழ்கின்றன. அந்தப் படலத்துக்குள் இருக்கும் பாக்டீரியாவைக் கொல்ல, தனியாக மிதக்கும் அதே பாக்டீரியாவைக் கொல்லுவதற்கு வேண்டியதைவிடப் பல மடங்கு மருந்து வேண்டும். வேர் நுனியில் கட்டிய சீழுக்குள்ளும் நிலைமை இதேதான். சீழுக்கு உள்ளே ரத்த நாளம் கிடையாது. மருந்து அதன் ஓரம் வரை வரும், நடுவுக்குப் போதிய அளவில் போய்ச் சேராது.

காரணம் பொருந்திவிட்டது என்பதற்காக நம்பிவிட முடியாது, ஆளிடம் சோதித்துப் பார்க்க வேண்டும். 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், மீள முடியாத அளவுக்குப் பற்கூழ் அழற்சி வந்த 40 பேரை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்கு 7 நாள் பெனிசிலின், மீதிப் பேருக்கு அதேபோல் தோன்றும் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. இரு சாராரும் வேண்டும்போது வலி மாத்திரை எடுத்துக்கொள்ளலாம். பெனிசிலின் உண்மையில் உதவியிருந்தால் அந்தப் பக்கம் வலி மாத்திரை குறைந்திருக்க வேண்டும். பெனிசிலின் எடுத்தவர்கள் சராசரியாக 9.2 ஐபுப்ரோஃபென் மாத்திரை விழுங்கினார்கள், வெறும் மாத்திரை எடுத்தவர்கள் 9.6. வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். 40 பேர் சிறிய எண்ணிக்கைதான். ஆனால் ஏற்கெனவே தெரிந்த உடற்கூற்றோடு இந்த விடை ஒத்துப்போகிறது என்பதால் இதற்குக் கனம் கூடுகிறது. 2019இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் இருக்கும் ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்து வழிகாட்டுதல் வெளியிட்டது. எதிர்ப்புச் சக்தி சரியாக உள்ள பெரியவர்களுக்கு, உடனே பல் சிகிச்சை செய்ய முடியுமானால், பற்கூழ் அழற்சிக்கும் வேர் நுனியில் உள்ளடங்கிய சீழுக்கும் ஆன்டிபயாடிக் வேண்டாம் என்பதே அதன் முடிவு.

“நான் மாத்திரை போட்டேன், மூணு நாள்ல சரியாச்சே” என்று சொல்பவர்கள் ஏராளம். அவர்கள் பொய் சொல்லவில்லை. வலி போனது உண்மைதான், ஏன் போனது என்பதில்தான் பிழை. உறைக்குள் ஆன்டிபயாடிக்கோடு வலி மாத்திரையும் இருந்தது, முதல் இரண்டு நாள் வேலை செய்தது அது. அதற்குள் பல பற்களில் பற்கூழ் முழுதாகச் செத்துவிடுகிறது. நரம்பு செத்தால் வலியும் போய்விடும். தாங்க முடியாத வலி திடீரென நின்றுவிட்டால் அது நல்ல செய்தி ஆகாது. கிருமிகள் வேர் நுனியைத் தாண்டித் தாடை எலும்புக்குள் இறங்க வழி திறந்துவிட்டது என்று அதற்குப் பொருள் இருக்கலாம். சீழ் தானாகவே ஈறில் துளை போட்டு வடிந்தாலும் அழுத்தம் குறைந்து வலி போகும். ஈறில் அரிசிமணி அளவில் ஒரு கொப்புளம் வந்து வந்து போகிறது என்றால் அந்த வடிகால்தான். சில மாதம் கழித்துக் கன்னம் வீங்குகிறது, மறுபடியும் அதே உறை வாங்கப்படுகிறது. ஆலைக்கும் தோட்டத்துக்கும் தினம் போக வேண்டிய ஒருவருக்கு அந்தச் சில மாத நிம்மதி எவ்வளவு பெரியது என்பது தெரியாமல் இதைச் சொல்லவில்லை. வலியைக் குறைப்பது தப்பே இல்லை. அதற்கு வலி மாத்திரை போதும், ஆன்டிபயாடிக் தேவையில்லை என்பதுதான் இங்கே வாதம்.

வீக்கம் இருக்கும்போது பல்லில் கை வைக்கக் கூடாது, முதலில் மாத்திரையால் வீக்கத்தை வற்ற வைத்துவிட்டுத்தான் பிடுங்க வேண்டும் என்ற நம்பிக்கையும் ஆழமாக ஊன்றியிருக்கிறது. இதில் ஒரு பொட்டு உண்மை உண்டு. சீழ் கட்டிய இடத்தில் திசு அமிலத்தன்மை அடைவதால் மரத்துப்போகும் ஊசி அங்கே சரியாகப் பிடிக்காது. ஆனால் அதற்கு வழி இருக்கிறது. வீக்கத்திலிருந்து தள்ளி, நரம்பு தாடைக்குள் நுழையும் இடத்திலேயே ஊசி போடலாம். சீழ் நிறைந்த வீக்கத்தைக் கீறி வடியவிட்டாலே அழுத்தம் இறங்கிவிடும். காரணமான பல்லை எடுப்பதும் ஒரு வடிகால்தான். வீக்கம் வற்றட்டும் என்று ஒரு வாரம் காத்திருப்பது கிருமிக்கு ஒரு வாரம் அவகாசம் கொடுப்பது. வாய் திறக்கவே முடியாத நிலை, மருத்துவமனையில் வைத்துச் செய்ய வேண்டிய நிலை என்று விதிவிலக்குகள் உண்டு. அவற்றை மருத்துவர் பார்த்து முடிவு செய்வார்.

அப்படியானால் ஆன்டிபயாடிக்குக்கு இடமே இல்லையா? இருக்கிறது, மிக முக்கியமான இடம். 1836இல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் ஃபிரீட்ரிஷ் ஃபான் லுட்விக் என்ற மருத்துவர், தாடைக்கு அடியில் இரு பக்கமும் பலகை போல இறுகி வீங்கி, நாக்கை மேலே தள்ளி, மூச்சை அடைத்துக் கொல்லும் ஒரு நோயை விவரித்தார். இன்றும் அது அவர் பெயரால்தான் வழங்குகிறது. பெரும்பாலும் அது கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல்லின் சொத்தையிலிருந்து கிளம்புகிறது. ஆன்டிபயாடிக் வருவதற்கு முன் அது வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். காய்ச்சல், குளிர், பரவும் வீக்கம் என்று தொற்று பல்லின் எல்லையைத் தாண்டி ரத்தம் ஓடும் சதைக்குள் வந்துவிட்டால், அங்கே மருந்து போய்ச் சேரும், அங்கே அது கட்டாயம் வேண்டும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர் போன்றோருக்கு மருத்துவர் முன்கூட்டியே தொடங்கக்கூடும். செயற்கை இதய வால்வு வைத்தவருக்குப் பல் பிடுங்கும் முன்பே ஒரு வேளை அமாக்சிசிலின் கொடுக்கப்படும். தமிழ்நாட்டில் சர்க்கரை நோய் இவ்வளவு பரவியிருக்கும்போது இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சர்க்கரை உள்ளவர் பல் நாற்காலியில் உட்கார்ந்ததும் முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான்.

எந்த மருந்து என்பதிலும் சுவையான வரலாறு உண்டு. மெட்ரானிடசோல் முதலில் பெண்களுக்கு வரும் டிரைகோமோனாஸ் என்ற ஒட்டுண்ணித் தொற்றுக்கு வந்த மருந்து. 1962இல் ஷின் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் ஒரு விஷயத்தைப் பதிவு செய்தார். அந்தத் தொற்றுக்கு மெட்ரானிடசோல் எடுத்த ஒரு பெண்ணுக்கு, கூடவே இருந்த கடும் ஈறு அழற்சியும் குணமாகிவிட்டது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்களை இந்த மருந்து கொல்கிறது என்ற கண்டுபிடிப்புக்கு அந்த ஈறுதான் வழி காட்டியது. இன்று பல் தொற்று பரவும்போது முதல் தேர்வு அமாக்சிசிலின், தேவைப்பட்டால் அதோடு மெட்ரானிடசோல். மெட்ரானிடசோல் எடுக்கும் நாட்களில் மதுவைத் தொடவே கூடாது. மூன்றே நாளில் நிலைமையைப் பார்த்து முடிவு செய்வதும், அறிகுறி நீங்கியதும் நிறுத்துவதும்தான் இன்றைய பரிந்துரை. தேவை இருந்தபோதே கொஞ்ச நாள் போதும் என்றால், தேவையே இல்லாதபோது 5 நாள் கோர்ஸ் எதற்கு?

நம் கடைகளில் பல் வலிக்கு அதிகம் கைமாறுவதோ ஆஃப்ளாக்ஸசினும் ஆர்னிடசோலும் ஒரே மாத்திரையில் சேர்ந்த கலவை. வயிற்றுப்போக்குக்கும் அதே, பல் வலிக்கும் அதே. இதை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். வாயில் தொற்று உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கூட்டத்தின் மேல் ஆஃப்ளாக்ஸசினுக்குப் பிடிமானம் குறைவு. அதைவிடப் பெரிய கேடு, அது சேர்ந்த மருந்துக் குடும்பம்தான் மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு நம்மிடம் உள்ள முக்கிய ஆயுதம். உலகில் காசநோய் வருவோரில் நான்கில் ஒருவர் இந்தியர். இருமலோடு இருக்கும் ஒருவர் பல் வலிக்காக இந்த மாத்திரையை அவ்வப்போது விழுங்கினால், காசநோய்க் கிருமி அரைகுறையாக அடிபட்டு, கண்டறிவது தாமதமாகி, அந்த ஆயுதம் மழுங்கவும் கூடும். 1956 முதல் காசநோய் சிகிச்சையில் உலகுக்கே வழி காட்டிய ஆய்வு மையம் சென்னையில் இருக்கும் மாநிலத்தில் இப்படி நடப்பது மனதை உறுத்துகிறது.

“கோழிப் பண்ணையில் மூட்டை மூட்டையாகப் போடுகிறார்கள், நான் போடும் ஆறு மாத்திரையிலா உலகம் கெட்டுவிடும்” என்ற வாதம் நியாயமாகவே ஒலிக்கிறது. பண்ணைகளில் நடப்பது தப்புதான். கோலிஸ்டின் என்ற கடைசிக்கட்ட மருந்தைத் தீவனத்தில் கலப்பதை 2019இல் மத்திய அரசு தடை செய்தது அதனால்தான். ஆனால் மருந்துக்குக் கிருமி காட்டும் எதிர்ப்பு முதலில் வளரும் இடம் மாத்திரை விழுங்கியவரின் உடம்பு. 2015இல் வெளியான ஓர் ஆய்வில், நல்ல உடல்நிலையில் இருந்தவர்களுக்கு ஒரே ஒரு கோர்ஸ் ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்த்தார்கள். வாயில் உள்ள பாக்டீரியாக் கூட்டம் சீக்கிரம் பழைய நிலைக்கு வந்தது. குடலில் உள்ளதோ சில மருந்துகளுக்கு ஓராண்டு வரை பழையபடி ஆகவில்லை. அந்த ஓராண்டுக்குள் சிறுநீர்த் தொற்றோ நிமோனியாவோ வந்தால் வழக்கமான மருந்து கேட்காமல் போகலாம். இது தொலைவில் நடக்கும் கதையும் அல்ல. 2010இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமியும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு, மிக வலுவான மருந்துகளையும் முறியடிக்கும் என்.டி.எம்.-1 நொதியைத் தாங்கிய 44 பாக்டீரியா மாதிரிகளைச் சென்னையிலேயே கண்டது. 2012இல் தொற்றுநோய் வல்லுநர்கள் கூடி வெளியிட்ட சென்னைப் பிரகடனத்துக்குப் பிறகு, 2014 மார்ச் 1 முதல் எச்1 அட்டவணை நடைமுறைக்கு வந்தது. அதன்படி செஃபிக்ஸிம், லெவோஃப்ளாக்ஸசின் போன்றவற்றை விற்கும் கடை, சீட்டு எழுதியவர் பெயரையும் நோயாளி பெயரையும் தனிப் பதிவேட்டில் குறித்து 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். 2019இல் மட்டும் உலகம் முழுவதும் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் நேரடியாக இறந்தார்கள் என்பது கணிப்பு.

எனக்கு மிகவும் கனமாகத் தோன்றும் எதிர்வாதம் பணமும் தூரமும் பற்றியது. தனியாரிடம் வேர் சிகிச்சை, மேலே உறை எல்லாம் சேர்ந்தால் பல ஆயிரம் ரூபாய். இரண்டு மூன்று முறை வந்துபோக வேண்டும். பூப்பறிக்கும் பெண்ணுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகும். ஆறு மாத்திரை மலிவு, கடை பக்கத்திலேயே இருக்கிறது. இந்த வாதத்தை மறுக்க முடியாது. உடனே பல் சிகிச்சை கிடைக்காத இடத்தில், சீழ் கட்டியவருக்கு மருத்துவர் ஆன்டிபயாடிக் எழுதலாம் என்று அந்த 2019 வழிகாட்டுதலே விட்டுக்கொடுக்கிறது. ஆனால் திண்டுக்கல்லில் சிகிச்சை அவ்வளவு எட்டாத தூரத்திலும் இல்லை. 2022 ஜனவரியில் திறந்த அரசு மருத்துவக் கல்லூரியோடு இணைந்த மருத்துவமனையில் பல் பிரிவு உண்டு. பல வட்ட மருத்துவமனைகளிலும் உண்டு. பல் பிடுங்கக் காசு கேட்பதில்லை. காப்பாற்ற வசதியில்லாத பல்லை எடுத்துவிடுவது வருத்தமான முடிவுதான், ஆனாலும் அது முழுமையான சிகிச்சை. வருஷத்துக்கு நாலு முறை மாத்திரை வாங்குவது சிகிச்சையே இல்லை. பழியைக் கடைக்காரர் தலையில் மட்டும் போடவும் கூடாது. பல்லைத் திறந்து சுத்தம் செய்த பிறகும், எதற்கும் இருக்கட்டும் என்று 5 நாளுக்கு எழுதித் தரும் பல் மருத்துவர்கள் இருக்கிறார்கள். அதை எதிர்பார்த்துக் கேட்டு வாங்கும் நாமும் இருக்கிறோம்.

இடையில் ஒன்று. வலிக்கும் பல்லில் புகையிலையை அடக்கிக்கொள்ளும் பழக்கமும் ஆபத்து. புகையிலைக்குப் பேர்போன ஊரில் இதைச் சொல்வது சங்கடமாக இருக்கலாம். கொஞ்சம் மரத்துப்போகும் என்பதற்காக அதை வைப்பவர், வலியை மறைத்துக்கொண்டே வாய்ப் புற்றுநோய்க்கும் இடம் கொடுக்கிறார். கிராம்பு வைப்பதில் அந்த அளவு கேடில்லை. அதில் உள்ள யூஜினால் தற்காலிகமாக வலியை அடக்கும், அதற்கு மேல் எதுவும் செய்யாது.

ஆகவே வாசகருக்கு என் வேண்டுகோள் இதுதான். பல் வலிக்கு மெடிக்கலில் வலி மாத்திரை மட்டும் கேளுங்கள், அல்சரோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் அதைச் சொல்லிக் கேளுங்கள், சிவப்புக் கோடு போட்ட அட்டையை நறுக்கித் தந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அந்த வாரத்துக்குள் பல் மருத்துவரைப் பாருங்கள். அவர் ஆன்டிபயாடிக் எழுதினால் எதற்காக, எத்தனை நாள் என்று கேட்கத் தயங்க வேண்டாம். ஆனால் வாய் இரண்டு விரல் அளவுக்குக் கூடத் திறக்கவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை, தாடைக்கு அடியில் இறுகி வீங்குகிறது, கண்ணைச் சுற்றி வீக்கம் ஏறுகிறது, குளிர் காய்ச்சல் அடிக்கிறது என்றால் மெடிக்கலும் வேண்டாம், காலையில் பார்க்கலாம் என்பதும் வேண்டாம். ராத்திரியானாலும் 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.